கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஹாரன் அடிக்காமல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த வாரம். மூன்று வார விடுப்பில் கடலூருக்கு வந்திருந்தேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஆலப்பாக்கம் தாண்டி, சிதம்பரம் போகும் வழியில் நடந்த சம்பவம் இது. எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. யார் மேல் என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முதலில் அங்கே நான் லைசென்ஸ் வாங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் ஸ்கூட்டர், அப்பாவின் பழைய கார் என்று பத்து வருடம் வண்டி ஓட்டியவள் நான். ஆனால் அங்கே நம் லைசென்ஸ் ஒரு வருடம்தான் செல்லும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கையே பார்க்காதவள் மாதிரி எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாவற்றிலும் முதலிலிருந்து தேற வேண்டும். எங்கள் ஊரில் பஸ் குறைவு. காலை ஷிப்ட்டுக்கு இருட்டிலேயே கிளம்பி, கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கார் இல்லாமல் பிழைக்க முடியாது. மாதக்கணக்கில் காத்திருந்துதான் தேர்வுக்குத் தேதி கிடைத்தது.

தேர்வன்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முன்னால் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரைத் தாண்டும்போது, நம் ஊர்ப் பழக்கத்தில் சின்னதாக ஒரு ஹாரன் அடித்தேன். அவ்வளவுதான். மனிதர் திடுக்கிட்டு சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நான் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டது போல் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் எதையோ குறித்துக்கொண்டார். நான் ஃபெயில்.

எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த அம்மாள் பிறகு விளக்கினார். இங்கே ஹாரன் என்பது திட்டு, நீ ஒரு தவறும் செய்யாத மனிதரை நடுரோட்டில் திட்டிவிட்டாய் என்றார். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதேன். இனி இந்த ஜென்மத்தில் ஹாரன் பக்கமே கையைக் கொண்டுபோக மாட்டேன் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

கொண்டுபோகவும் இல்லை. அடுத்த தடவை தேறி, சொந்தமாகக் கார் வாங்கிய பிறகும் அப்படித்தான். ஒரு வருடம் காரை வருடாந்திரப் பரிசோதனைக்கு விட்டபோது, உங்கள் ஹாரன் வேலை செய்யவில்லையே என்றார் மெக்கானிக். எத்தனை மாதமாக என்று எனக்கே தெரியாது. இதை ஒரு பதக்கம் வாங்கியவள் போல என் வீட்டுக்காரரிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லித் திரிந்தேன்.

இப்படிப்பட்டவள் விடுப்பில் கடலூர் வந்தால் என்ன ஆகும்? முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டேன். மஞ்சக்குப்பத்தில் ரோட்டைக் கடக்க நின்றால் பஸ்காரன் காதுக்குள்ளேயே அடிக்கிறான். ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற அடிக்கிறான், இறக்க அடிக்கிறான், சும்மா இருக்கும்போதும் அடிக்கிறான். என் தம்பி அதற்கும் மேல். அவன் கட்டை விரல் ஹாரனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தவரைப் பார்த்தால் ஹாரன், கேட்டைத் திறக்க ஹாரன், மாடு பார்த்தால் ஹாரன். நான் திட்டித் தீர்த்தேன். உங்களுக்கெல்லாம் காதும் இல்லை, நாகரிகமும் இல்லை என்றேன். அங்கே எல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தால் தம்பி பெண்டாட்டி மெல்ல எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

தம்பி புது வீடு கட்டியிருந்தான். பாதிரியார் வந்து ஜெபித்து ஆசீர்வதிக்கும் வீடு மந்திரிப்புக்குச் சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் மாமாவுக்குப் பத்திரிகை வைக்க நானும் அவனும் மட்டும் காலையில் கிளம்பினோம். வீட்டு வாசலிலிருந்து கடைத்தெரு போவதற்குள் அவன் இருபது தடவை ஹாரன் அடித்திருப்பான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"நிறுத்துடா வண்டிய. எறங்கு. நான் ஓட்டுறேன்."

"க்கா, நம்மூரு ரோடு உனக்கு ஒத்துவராதுக்கா."

"சிதம்பரம் வரைக்கும் ஒரு ஹாரன்கூட அடிக்காம ஓட்டிக் காட்டுறேன், பாக்குறியா?"

அவன் சிரித்துக்கொண்டே இடம் மாறி உட்கார்ந்தான். நம் ஊர் லைசென்ஸையும் நான் புதுப்பித்து வைத்திருந்தேன். எல்லாமே முறைப்படி. அதுதான் எனக்குக் கூடுதல் திமிர்.

உண்மையில் நன்றாகத்தான் ஓட்டினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. முன்னால் போகிறவன் ஒதுங்கும் வரை பொறுத்திருந்து, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாகத் தாண்டினேன். தம்பியைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவனும் "சரிக்கா, ஒத்துக்குறேன்" என்றான்.

அதற்கு அப்பால் ஒரு இடத்தில் ரோடு வேலை நடந்ததால் வண்டிகளை ஊர் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். குறுகலான ரோடு. முன்னால் ஒரு பெண் மொபெட்டில் போய்க்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கால் வைக்கும் இடத்தில் ஒரு காய்கறி மூட்டை. ஹெல்மெட் இல்லை, வண்டியில் பின்னால் பார்க்கும் கண்ணாடியும் இல்லை. அவள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். எதிரே வண்டி இல்லாத நேரம் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வலது பக்கம் ஏறினேன். அந்த நேரம் அவள் கையும் காட்டாமல், திரும்பியும் பார்க்காமல், வலது பக்கம் ஒரு சந்துக்குள் சட்டென்று வளைந்தாள்.

பிரேக்கை ஏறி மிதித்தேன். கார் நின்றது. ஆனால் அதற்குள் பம்பர் அவள் பின் சக்கரத்தைத் தட்டிவிட்டது. மொபெட் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தக்காளியும் முருங்கைக்காயும் ரோடு முழுக்க உருண்டன.

நான் ஒரு நர்ஸ். விழுந்தவரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காரை விட்டு இறங்கியதும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"திரும்பிப் பாக்க மாட்டியா? கை காட்ட மாட்டியா? கண்ணாடி எங்க?"

அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அழவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே கோபம்.

"எம்மா, நீ என்னப் பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன். ரொம்ப நேரமா பாத்துக்கினுதான் வரேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

எனக்குப் புரியவில்லை. என்ன சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?

"ஒரு சத்தம் குடுத்தா என்னா? எனக்குக் காது இருக்குல்ல? பின்னாடி ஒண்ணுமே கேக்கலியேன்னுதான திரும்புனேன்!"

அதற்குள் எதிர்க் கடையிலிருந்தும் வயலிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஹாரன் அடிக்காம பூனை மாதிரி வந்துருக்காங்க என்று ஒருவர் கத்தினார். கூட்டம் சூடாகிக்கொண்டே வந்தது. என் தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரத்தில் ஒரு பொய்யைச் சொன்னான்.

"ஹாரன் ரிப்பேருங்க. காலையிலேருந்து வேல செய்யல."

லுங்கி கட்டிய ஒருவர் காரின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அழுத்தினார். ஊருக்கே கேட்கிற மாதிரி அடித்தது அந்த ஹாரன்.

தம்பி தரையைப் பார்த்தான். என் வாழ்க்கையில் எத்தனையோ அவமானம் பார்த்திருக்கிறேன். பாஷை புரியாமல் நின்றிருக்கிறேன், நிறத்தைப் பார்த்து ஒதுக்கப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் அடுத்தவர் செய்தது. இது நானே தேடிக்கொண்டது.

"ஹாரன் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அடிக்கல. அடிக்கக் கூடாதுன்னு வந்தேன்" என்றேன்.

உட்கார்ந்திருந்தவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அந்த வலியிலும் அவள் கேட்டாள்:

"அடிக்கக் கூடாதுன்னு என்னா, வேண்டுதலா?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நாலு அடி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம்தான் கீழே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே வீங்க ஆரம்பித்திருந்தது. எலும்பு உடைந்திருக்கிறது என்று தொட்டதுமே தெரிந்தது. கை அசையாமல் சிம்பு வைத்துக் கட்டக் குச்சி ஒன்றும் இல்லை. காரிலிருந்த மந்திரிப்புப் பத்திரிகைக் கட்டை எடுத்து இரண்டாகப் பிரித்து, கைக்கு இரண்டு பக்கமும் கொடுத்து, என் துப்பட்டாவால் சுற்றினேன். பத்திரிகையில் தம்பி பெயரும் அவன் பெண்டாட்டி பெயரும் தங்க எழுத்தில் அவள் கையோரம் எட்டிப் பார்த்தன.

அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் என்று கடைக்காரர் சொன்னார். அந்த மூட்டை அன்றைய சாம்பாருக்கு. காரில் ஏறுவதற்கு முன்னால் அவள் கூட்டத்தில் நின்ற, அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பையனின் தகப்பனைக் கூப்பிட்டு, காய்கறியைப் பொறுக்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கச் சொன்னாள், உலை வைக்க வேண்டிய நேரத்தைச் சொன்னாள், பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதையும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கரண்டி புடிக்கிற கைம்மா இது" என்றாள். அதை அவள் கத்திச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

தம்பி ஓட்டினான். நான் பின் சீட்டில் அவள் கையை என் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாரனுக்காக நான் திட்டித் தீர்த்தது தம்பிக்கு இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது. இருபது தடவை ஹாரன் அடித்தவன் இப்போது ஒன்றுகூட அடிக்கவில்லை. பரங்கிப்பேட்டை திரும்பும் ரோட்டைத் தாண்டியதும் முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு நடு ரோட்டில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார். தம்பி அவர் பின்னாலேயே ஊர்ந்தான்.

"ஹாரன் அடிடா!"

கத்தியது நான்தான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் சின்னதாக ஒரு தடவை அடித்தான். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திடுக்கிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. சைக்கிளை ஓரமாக நகர்த்தி, போ என்று இடது கையை ஆட்டினார். நாங்கள் போனோம்.

பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்து, "இதான். இவ்ளோதான்" என்றாள்.

சிதம்பரத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு மாவுக்கட்டு போட்டார். ஆறு வாரம் என்றார். மாமா வீட்டுக்கு அன்று போகவே இல்லை. இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். முதல் தடவை அவள் முகம் கொடுத்தே பேசவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. இரண்டாவது தடவை, இடது கையால் எழுதிப் பழகுவதாகவும், உதவியாளாக இருக்கும் பெண் உப்பை அள்ளிக் கொட்டுவதாகப் பிள்ளைகள் புகார் சொல்வதாகவும் கோபமாகச் சொன்னாள். அந்தக் கோபம் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது.

இப்போது அவள் மறுபடி சமைக்கிறாள். ஆனால் பெரிய அண்டாவைத் தூக்க அந்தக் கை இன்னும் ஒத்துழைப்பதில்லை. மழைக்காலத்தில் குடைகிறதாம். போனில் பேசும்போதெல்லாம், "அங்க ஹாரன் அடிக்கிறியா?" என்று கேட்பாள். இங்கே அடிக்கக் கூடாதும்மா என்பேன். "என்னா ஊரோ" என்பாள்.

ஏர் ஹாரன் வைத்துக் குழந்தைகளைத் துள்ள வைக்கிற பஸ்காரன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கை காட்டாமல் திரும்பியது அவள் தவறுதான், அதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. என் ஆத்திரமெல்லாம் வேறு. ஒரு ஊரில் திட்டாக இருப்பது இன்னொரு ஊரில் தகவலாக இருக்கிறது. இதை ஒரு தேர்வில் ஃபெயிலாகி, அழுது, அனுபவித்துத் தெரிந்துகொண்டவள் நான். அதே பாடம் என் சொந்த ஊரில் தலைகீழாக வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரியாதவள் செய்தால் தவறு. தெரிந்தவள் பந்தயத்துக்காகச் செய்தால் அதற்கு என்ன பெயர்?

போன வருடமும் ஊருக்கு வந்தேன். தம்பி சாவியைக் கொடுத்தான். வாசலில் யாரும் இல்லை, ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. இருந்தாலும் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஹாரனை ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். "இப்ப யாருக்குக்கா அடிக்கிற?" என்று தம்பி சிரித்தான். "பாத்துட்டு ஏன் சொல்லல?" என்று ஒருத்தி ரோட்டில் உட்கார்ந்தபடி கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் என்னிடம் இருப்பது அந்த ஒரு சத்தம்தான்.