எரிமலைக்கு ஒரு சொம்பு நெய்

லீவு எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்றால் அந்தக் காலத்தில் அம்பத்தூரில் யாருக்கும் புரியாது. கல்யாணத்துக்குப் போவோம், சாவுக்குப் போவோம், வேண்டுதல் இருந்தால் திருத்தணிக்கோ திருவேற்காட்டுக்கோ போவோம். சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஓர் ஊருக்குப் போவது வெள்ளைக்காரர்கள் செய்கிற வேலை. அப்படியிருக்க எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஜாவாத் தீவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்றால், அதற்கு என் வீட்டுக்காரர்தான் காரணம்.

அவர் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் குமாஸ்தா. காலையில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, டிராம் பிடித்துப் போவார். பழைய ஆட்களுக்கு அந்த ஆபீசில் ஒரு சலுகை உண்டு. கப்பலில் இடம் காலியாக இருக்கும் மாதத்தில், குடும்பத்தில் இரண்டு பேர் காசில்லாமல் போய்வரலாம். மற்றவர்கள் கொழும்புக்கோ ரங்கூனுக்கோ போய்வந்தார்கள். இவர் ஜாவா என்றார். ஆபீசில் தொங்கிய ஒரு படம் அவரை அப்படிப் பிடித்து வைத்திருந்தது. கடலோரத்தில் ஒரு மலை, உச்சியில் புகை, அடிவாரத்தில் தென்னையும் நெல்வயலும். படம் பழசானதும் அதைக் கேட்டு வாங்கிவந்து அடுக்களைக் கதவில் ஒட்டினார்.

அந்தக் கதவைப் பார்த்துதான் என் மாமியாருக்கும் ஆசை வந்தது. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே மாமா போய்விட்டதால், இருந்த கொஞ்சம் நிலத்தில் தானே இறங்கி வேலை செய்து ஒரே பிள்ளையைப் படிக்க வைத்தவர். திருவண்ணாமலை தீபம் ஒரு தரம் பார்த்திருக்கிறார். அவருடைய யாத்திரை அதோடு சரி.

"இன்னாடா நைனா, அந்த மலை எந்நேரமும் எரிஞ்சிகினே கீதா?"

"ஆமாம்மா. யாரும் ஏத்தறதில்ல. உள்ளேர்ந்து அதுவா எரியுது."

"நெய்யி யாரு ஊத்தறாங்க?"

"யாரும் ஊத்தறதில்ல."

"அய்ய, பாவம்" என்றார் அத்தை. நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மறுநாளே எங்கள் எருமை வெண்ணெயை உருக்கி ஒரு பித்தளைச் சொம்பில் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். எவ்வளவு வருஷமாகத் திரியில்லாமல் நெய்யில்லாமல் எரிகிறதோ, நாமாவது ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வருவோம் என்பது அவர் எண்ணம். என் வீட்டுக்காரர் எரிமலை என்றால் என்ன என்று பொறுமையாக விளக்கினார். பாறை உருகி ஆறாக வரும், பக்கத்தில் போக முடியாது, சில நேரம் ஊர் முழுக்கச் சாம்பல் கொட்டும் என்றார். அத்தைக்கு அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

"சாம்பலுன்னு ஏன்டா சொல்றே? துன்னூறுன்னு சொல்லு. ஒரு பை எடுத்துகினு வரணும்."

எனக்கு மலையைவிட வெந்நீர்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்தத் தீவில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் கொதித்துக்கொண்டே வருமாம், அதில் முட்டையைப் போட்டால் வெந்துவிடுமாம். ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த எனக்கு அப்படி ஒரு தேசம் இருப்பதே தெரியாமல் போய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது. திருநின்றவூரில் பிறந்து அம்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். நான் செய்த ரயில் பயணமெல்லாம் அந்தக் கொஞ்ச தூரம்தான். ஆவடியில் வண்டி நிற்கும்போது எட்டிப் பார்ப்பதே எனக்கு வெளியூர் பார்ப்பது.

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. ஜாவாவின் துறைமுக ஊரான பத்தேவியாவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் பட்டணத்துக்கு வந்திருந்தது. அவர்கள் திரும்பும் கப்பலிலேயே போய், அவர்கள் வீட்டிலேயே தங்கி, அடுத்த கப்பலில் வருவதென்று முடிவாயிற்று. அத்தையும் நானும் என்னென்ன எடுத்துப்போவது என்று தினமும் சண்டை போட்டோம். கருவாடு வேண்டும் என்றார் அத்தை. கப்பலே நாறும் என்றேன். "கடல்ல போற கப்பலுக்கு மீன் வாசன புதுசா?" என்று கேட்டு என் வாயை அடைத்தார். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் எள்ளுப்பொடியும் ஜாடிகளில் சேர்ந்தன. பேசியதெல்லாம் மூன்று பேருக்கு. போகக்கூடியது இரண்டு பேர்.

இந்த இரண்டு பேர் கணக்கை என் வீட்டுக்காரர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார், அதுவும் கிணற்றடியில், குரலைத் தாழ்த்திக்கொண்டு. உன்னைத்தான் கூட்டிப்போக நினைத்தேன், அம்மா இப்படிக் கிளம்பி நிற்பாள் என்று நினைக்கவில்லை என்றார். அம்மாவிடம் நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்தினார். ஆபீசில் துரைக்கே எதிர்த்துப் பேசுபவர் என்று பெயர். வீட்டில் அவருக்கு வாயே கிடையாது.

அந்தச் சொம்பில் நெய் ஏற ஏற எனக்கு வயிற்றெரிச்சல். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் போகவேண்டும் என்று அவ்வளவு ஆசை. அதே நேரம் அத்தை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் குடத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னேன்:

"உங்க அம்மாவையே கூட்டிகினு போங்க."

"கோவத்துல சொல்றியா, நெசமா சொல்றியா?"

"ரெண்டும்தான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்தக் குடத்துத் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்திருக்கலாம் போலிருந்தது.

கப்பல் கிளம்புவது திங்கட்கிழமை. பஞ்சாங்கத்தைப் பார்த்த அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் போகக் கூடாது. எங்களுக்குத் துறைமுகமும் கிழக்கு, ஜாவாவும் கிழக்கு. தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லையே என்றார் என் வீட்டுக்காரர்.

"மார்க்கெட்டுக்குப் போறவனுக்குத் தயிரு போதும். கடல் தாண்டறவங்களுக்கு ஆவாது. வியாயக்கெயம நல்லாகீது, பரஸ்தானம் வெச்சிடலாம்."

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள் அந்த நாளில் தங்கள் துணியை மட்டும் மூட்டை கட்டி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். துணி வைத்த நேரத்திலேயே அதற்கு உரியவர்கள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வைத்ததைப் பயணம் போகாமல் திரும்ப எடுக்கக் கூடாது. எங்களுக்குக் கிழக்கே இருந்தது மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீடு. அத்தை போய்க் கேட்டதும், வேதப் புத்தகம் வைக்கிற அலமாரியிலேயே ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தார் அந்த அம்மாள்.

வியாழக்கிழமை காலையில் அத்தை மஞ்சள் துணி மூட்டையோடு முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் போனோம். எனக்கு அங்கே என்ன வேலை என்று முறுக்கிக்கொண்டுதான் நடந்தேன். அலமாரிக்கு முன்னால் அத்தை மூட்டையைப் பிரித்து, வெற்றிலைபாக்கும் மஞ்சளும் வைத்தார். உள்ளே அவருடைய அரக்குச் சேலை இருந்தது. அதற்கு மேல் என்னுடைய பச்சைச் சேலை. நான் காலையில் கொடியில் தேடிக் கிடைக்காமல் போனது.

"என் வேட்டி எங்கேம்மா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்கெதுக்குடா? நீதான் தெனமும் கப்பலைப் பாத்துகினு கீறியே. நாங்க ரெண்டு பேருதான் ஒண்ணுமே பாக்காதவங்க."

"ரெண்டு பேருதான்னு உனக்கு யார் சொன்னாங்க?"

"உங்க ஆபீசு ப்யூன் வந்தப்போ ஒரு லோட்டா மோரு குடுத்தேன். கேக்காததெல்லாம் சொல்லிட்டுப் போனான்."

டீச்சரம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருந்தார்கள். பரவாயில்லை, நீங்களும் அத்தையும் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வார்த்தை என் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அத்தைக்கு அது எப்படித் தெரிந்ததோ, மூட்டையை அவசரமாக இறுக்கி முடிச்சுப் போட்டு அலமாரிக்குள் தள்ளினார்.

"நீ வாயத் தொறக்காதே. வெச்சாச்சி" என்றார்.

வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். சமைக்க வேண்டும், மாட்டைக் கட்டவேண்டும், எல்லா நாளையும்போல அந்த நாளும் கிடந்தது. ஆனால் எங்கள் கணக்குப்படி அத்தையும் நானும் அப்போது அம்பத்தூரில் இல்லை, கிளம்பிவிட்டோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கைப்பட்டு வந்து அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.