மாமா வேனின் பெல்ட்

எங்கள் மாமாவின் வேன் கத்தரிக்காய்க்கும் பூசணிக்காய்க்கும் ஒழுங்காக ஓடும். மனிதர்களை ஏற்றினால் முரண்டு பிடிக்கும். அப்படித்தான் மாமா சொல்லுவார், நானும் நம்பினேன். எனக்கு எட்டு வயது.

அந்த வருஷம் ஆடிக்கு அழைத்து வந்த அக்காவை ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் அழகர்கோவிலுக்கு அந்தப் பக்கம். போக அவளுக்கு மனமே இல்லை. அடுப்படியில் அம்மாவிடம் அழுதாள். அம்மாவும் சேர்ந்து அழுதாள். அப்பாவுக்கோ, சொன்ன நாளில் பெண் போய் இறங்காவிட்டால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்களோ என்ற கவலை. அக்காவின் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. கஞ்சி வடிக்கும்போது பட்டது என்றாள். இம்மாதிரி கையைச் சுட்டுக்கொள்கிறாளே, இவளெல்லாம் ஒரு பெரிய மனுஷியா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அக்காவைக் கொண்டுபோய் விட அம்மாவின் தம்பியான மாமாதான் பசுமலையிலிருந்து வேனோடு வந்தார். வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் கிளம்ப வேண்டும். டிரங்குப் பெட்டியை ஏற்றிய பிறகு, மாமா வண்டியின் முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“விசிறி பெல்ட்டு அத்துப் போச்சு மச்சான். இது இல்லாம ஓட்டுனா தண்ணி கொதிச்சு எஞ்சினு போயிரும். சண்டை நடக்குற காலத்துல புது பெல்ட்டுக்கு எங்கிட்டுப் போக? கெடச்சாலும் ரேடியேட்டரக் கழட்டித்தான் மாட்டணும். சனிக்கிழமை ஆயிரும்.”

வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை யாரும் அனுப்ப மாட்டார்கள். சனிக்கிழமை பெரியப்பா வருகிறார். அப்பா தட்டாத பேச்சு அவருடையது ஒன்றுதான். அக்கா விஷயத்தை அவர் காதில் போட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் வேனுக்கு அடியில் ஊர்ந்துபோய் மல்லாந்து படுத்துக்கொண்டேன். எண்ணெய் வாசனையும் குளிர்ந்த மண்ணும் கண்ணைச் சொக்க வைத்தன. அங்கிருந்து பார்த்தால் மனிதர்களுக்கு முழங்காலுக்கு மேல் ஒன்றும் கிடையாது. வெயிலில் அப்பாவின் செருப்பு போவதும் வருவதுமாக இருந்தது. அம்மாவின் மெட்டி அசையவில்லை. அக்காவின் மஞ்சள் பூசிய கால் ஒரு வேப்பம்பழத்தை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. குரல்கள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டன. அப்படியே தூங்கியிருக்கலாம். தூங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

தலைக்கு மேலே இருட்டில், கறுப்பாக ஏதோ சொருகியிருந்தது. கையை விட்டு இழுத்தேன்.

“மாமா, பெல்ட்டு அத்துப் போகலையே! முழுசா இருக்கு!”

கால்கள் எல்லாம் நின்றுவிட்டன.

“அப்ப மாட்டு மாப்ள,” என்றார் அப்பா.

“அந்த இடுக்குல என் கை நுழையாது மச்சான்.”

கழற்றும்போது நுழைந்த கை மாட்டும்போது ஏன் நுழையாது என்று எனக்குத் தோன்றவில்லை. “என் கை நுழையுமே!” என்று கத்தினேன்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டைனமோவை மாமா ஸ்பேனரால் தளர்த்தினார். அதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அப்பா என்னைத் தூக்கிப் பிடிக்க, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே கையை விட்டு, ஒவ்வொரு இறக்கையாகப் பெல்ட்டைத் தாண்டவைத்தேன். கடைசி இறக்கையில் சிக்கிக்கொண்டது.

“விட்டுரு தாயி, கை கிழிஞ்சிரும். விட்டுரு,” என்றார் மாமா. குரலில் அப்படி ஒரு கெஞ்சல். என் கைமேல் மாமாவுக்கு எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போய் இன்னும் அழுத்தித் தள்ளினேன். பெல்ட் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இதை எழுதும்போது அந்தக் கை கூசுகிறது.

ஒன்றே காலுக்கு வண்டி தயார். “எம்புட்டுச் சூட்டிகை பாரு இவ!” என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அம்மா உள்ளே போய்விட்டாள். அக்கா என் எண்ணெய்க் கையைப் பிடித்து, தன் புதுச்சேலை முந்தானையால் விரல் விரலாகத் துடைத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

வேன் கண்மாய்க்கரையைத் தாண்டும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நேரத்துக்குப் போய்ச்சேர இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், நல்லவார்த்தை ஒன்று சொன்னாளா என்று அன்று பொழுது சாயும்வரை அவள்மேல் எனக்குக் கோபம்.