தலைவலி இல்லை என்று சொன்னாள்

தீபலட்சுமி சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பிள்ளைகள் யாராவது விழுந்து தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. அழுதாலும் கெஞ்சினாலும் ஓரமாக உட்கார வைத்துவிடுவாள். பெற்றோரே வந்து, "பரவாயில்ல மிஸ், ஆடட்டும்" என்றாலும் மசியமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே தாம்பரத்துப் பெண்கள் அணி ஒன்றில் கபடி ஆடுவாள். வயது முப்பத்துநான்கு. இந்த வருடத்தோடு அணியிலிருந்து அவளை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. அந்த நேரத்தில்தான், பயிற்சியில் ஒருத்தியின் முட்டி அவள் நெற்றிப்பொட்டில் இடித்தது. சில நொடிகள் நினைவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் மூளை அதிர்ந்திருக்கிறது, முழுக்கத் தெளிந்த பிறகுதான் ஆட வேண்டும் என்றார் டாக்டர்.

மாவட்டப் போட்டிக்கு முன் அணியின் பிசியோ மெர்வின் அவளைச் சோதித்தான். ஒற்றைக்காலில் நிற்க வைத்தான். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டான். ஓட வைத்தான். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டாள்.

"தலைவலி இருக்காக்கா? வெளிச்சத்துல கண்ணு கூசுதா? வேகமா திரும்பினா சுத்துதா? இதெல்லாம் நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."

"ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்கேன்."

அன்று காலைகூட அசெம்பிளியில் மைக் சத்தம் தாங்காமல் ஸ்டாஃப் ரூமில் போய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

போட்டியில் அவளும் ஸஹானாவும் கைகோத்து நின்றார்கள். ஸஹானா காட்டாங்குளத்தூரில் படிக்கிற பெண், அணிக்குப் புதிது. பயிற்சி முடிந்ததும் தீபலட்சுமியின் ஸ்கூட்டியில்தான் வீட்டுக்குப் போவாள். எதிரணியிலிருந்து பாடி வந்தவள் சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தாள். தீபலட்சுமி திரும்பினாள். தரையே சாய்ந்தது போலிருந்தது. கோத்த கையை விடத் தோன்றாமல் ஸஹானாவை இழுத்துக்கொண்டு அவள்மேலேயே விழுந்தாள். அந்தப் பெண்ணின் காறை எலும்பு முறிந்தது.

"கபடின்னா இதெல்லாம் சகஜம்மா" என்று கோச் தட்டிக்கொடுத்தார். தீபலட்சுமிக்கு உடம்பே கூசியது.

கீழ்க்கட்டளையில் ஸஹானாவின் வீட்டுக்கு அவளைப் பார்க்கப் போனாள். ஸஹானாவின் அம்மா காபி கொண்டுவந்து வைத்து, "நீங்களும்தானே விழுந்தீங்க, உங்களுக்கு அடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"எனக்கு முன்னாடியே தலை சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சும்மா. இல்லன்னு பொய் சொல்லிட்டு ஆடினேன்."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். ஸஹானா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "உங்க ஸ்கூல் பசங்கன்னா ஆட விட்டிருப்பீங்களாக்கா?"

தீபலட்சுமி காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மெர்வினிடமும் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே, "நான் இன்னும் தோண்டிக் கேட்டிருக்கணும்" என்றான். அது அவளை இன்னும் குறுக வைத்தது. அவளுடைய பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். வெறும் நடை, பிறகு மெதுவான ஓட்டம். வலி வந்தால் ஒரு படி பின்னால். அந்த சீசன் முழுக்க அப்படியே போயிற்று. கூட ஆடுகிறவர்கள் முன்னால் "வலிக்குது" என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

பேச்சு இருந்ததே தவிர, அவளை அணியிலிருந்து நிறுத்தவில்லை. இப்போது இருவருமே ஆடுகிறார்கள். ஸஹானா, "எப்படி இருக்கீங்கக்கா?" என்று கேட்கிறாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பயிற்சி முடிந்ததும் முன்போல அவள் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொள்வதில்லை. பஸ்ஸில் போகிறாள். தீபலட்சுமியும் கூப்பிடுவதில்லை.