குழிக்குள் விழுந்த அரிசி

"ஐஞ்சு, ஏழு, ஒம்பது." குளிரறையில் தராசைப் பார்த்து, நிறையை இலக்கம் இலக்கமாக உரக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கூர் நகரிலிருந்து நான் தினமும் சிவப்பு ரயிலேறி வரும் இந்தச் சுவிஸ் மலை ஆய்வுக்கூடத்தில், துருவக் கடலில் வெட்டியெடுத்து வந்த பனித்துண்டுகளை நிறுப்பது என் வேலை. தராசின் எண் தானாகவே கணினிக்குப் போய்விடும். உரக்கச் சொல்லத் தேவையில்லை, கேட்க ஆளுமில்லை. ஆனாலும் நான் சொல்லுவேன், சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பேன். என்ன விசர் பழக்கம் இது என்று என்னையே திட்டிக்கொள்வதும் உண்டு. அன்று மட்டும் திட்ட முடியவில்லை.

அந்தப் பழக்கம் அக்காவிடமிருந்து வந்தது. கூடப்பிறந்தவர் அல்ல. சோலோதுர்ன் நகரில் தன் அம்மாவோடு வாழ்ந்தவர், என்னோடு இதே கூடத்தில் வேலை செய்தவர். வடதுருவக் கடலுக்குப் போன கப்பலில் தமிழர் என்று நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். கடற்பனியின் அடர்த்தியை அளப்பது எங்கள் பொறுப்பு. பனி எவ்வளவு கனம் என்று தெரிந்தால்தான், வானத்திலிருந்து பார்க்கிறவர்கள் அதன் தடிப்பைக் கணக்கிடலாம். வேலை என்னவோ எளிதுதான்: துளைத்து, பனித்தூணை வெளியே இழுத்து, துண்டுதுண்டாக அறுத்து, அளந்து, நிறுக்க வேண்டும். ஆனால் கடற்பனியின் வயிற்றுக்குள் உப்புத்தண்ணீர் இருக்கிறது. தூணை வெளியே எடுத்த நொடியிலிருந்து அது சொட்டத் தொடங்கும். சுணங்கினால் பார்வைக்குப் பனி அப்படியே இருக்கும், நிறை குறைந்துவிடும்.

அதனால் அக்கா பனியின்மேல் நின்றால் பொல்லாதவர். "படுக்கப் போடடி, உப்பு இறங்குது!" என்று கத்துவார். தராசுக்கு மேலே குனிந்தால், "மூச்சை அங்கால விடு, தராசுக்குத் தடிமன் காய்ச்சல் வந்திடும்" என்பார். நிறுப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். காற்றில் வேறு வழியில்லை. நான் தமிழில் சொல்வேன், அவர் தமிழில் திருப்பிச் சொல்வார். கரடிக் காவலுக்குத் துவக்கோடு நின்ற சுவிஸ்காரர்கூட, கொஞ்ச நாளில் எங்களோடு சேர்ந்து "ஏழு, எட்டு" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். தூண் எடுத்த குழிக்குள் எதுவும் விழக்கூடாது என்பது அக்காவின் இன்னொரு சட்டம். பிறகு அதிலிருந்துதான் வேறொருவர் தண்ணீர் எடுத்துச் சோதிப்பார். என் தேநீர் ஒரு சொட்டுச் சிந்தியதற்கு ஒரு பகல் முழுக்க என்னோடு கதைக்காமல் இருந்தவர் அவர்.

புறப்படும்போதே அவருடைய அம்மாவுக்குச் சுகமில்லை. வைத்தியர் பயமில்லை என்றிருந்தார். அம்மாவும், "போட்டு வா பிள்ளை, நான் எங்க ஓடிப்போறன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஒரு காலை கப்தானின் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். கனடாவிலிருந்து சோலோதுர்னுக்கு வந்திருந்த அவருடைய தம்பி போன் எடுத்திருந்தார். அம்மா போய்விட்டார். பனிக்குள் நின்ற கப்பலிலிருந்து வீடு போக வழியே இல்லை. செத்தவீட்டைப் படமாகப் பார்க்கலாம் என்றால், கப்பலுக்கு ஒரு குரல் வந்து சேர்வதே பெரும்பாடு.

தகனத்தன்று அக்காவை அறையிலேயே இருக்கச் சொன்னார் குழுத்தலைவர். "உள்ளுக்க இருந்து நான் என்ன செய்யிறது?" என்று கேட்டுவிட்டுச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். முதல் தூண் வெளியே வந்தது. படுக்கப் போட்டேன். அக்கா பனி அறுக்கும் வாளை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து கடதாசிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். கப்பல் சமையற்காரரிடம் கேட்டு வாங்கிய பச்சை அரிசி. குழியருகே முழங்காலில் இருந்து, வெறுங்கையால் அள்ளி, வாய்க்கரிசி போடுவதுபோல மெதுவாக அந்தக் கறுத்த தண்ணீருக்குள் போட்டார். சில மணிகள் பனிக்கூழில் ஒட்டிக்கொண்டன. அவற்றை விரலால் உள்ளே தள்ளிவிட்டார். காவற்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அழவில்லை.

"இந்தக் குழியில தண்ணி எடுக்க வேண்டாமெண்டு சொல்லிவிடு," என்று எழுந்து, சிவப்புக் கொடியொன்றைக் குத்தினார். "கெதியா அறு. உப்பு இறங்குது."

அறுத்தேன், நிறுத்தேன். "ஐஞ்சு, ஏழு, நாலு" என்றேன். அக்கா பென்சிலைப் பிடித்தபடி குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் சொன்னேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? மூன்றாம் தரம் சொன்னபோது உடைந்த குரலில் "ஐஞ்சு, ஏழு, நாலு" என்றார். எழுதினார். அதற்குப் பிறகுதான் அழுதார். அழுதழுதே கடைசித் துண்டுவரை எழுதினார்.

திரும்பி வந்ததும் சோலோதுர்ன் வீட்டை விட்டுவிட்டுக் கனடாவுக்குத் தம்பியிடம் போனார். தொடக்கத்தில் அடிக்கடி கதைத்தோம். பிறகு பண்டிகை வாழ்த்தோடு சரி.

போன மாதம் என் அம்மா கூரில் காலமானார். அக்காவுக்குக் கிடைக்காத எல்லாம் எனக்குக் கிடைத்தன. கடைசி மூச்சில் கையைப் பிடித்திருந்தேன், என் கையாலேயே அரிசி போட்டேன், ஊர்ச் சனமெல்லாம் வந்தது. ஆனாலும் வேலைக்குத் திரும்பிய அன்று, குளிரறையில் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது, உலகத்தில் எனக்கென்று ஒருவருமில்லை என்று பட்டது. வெளியறைக்கு வந்து, விறைத்த விரல்களால் கனடாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை.

"அக்கா, அம்மா மோசம் போயிட்டா."

அவர் நான் அழுது முடியும்வரை போனிலேயே இருந்தார். பிறகு, "எங்க நிக்கிறாய்?" என்றார்.

"குளிரறை வாசல்ல."

"தராசில என்ன கிடக்கு?"

"ஐஞ்சு, ஏழு, ஒம்பது."

"ஐஞ்சு, ஏழு, ஒம்பது," என்றார் அக்கா. "போனை வையாதை. போய் அடுத்ததை நிறு."

குளிரில் போன் நின்றுவிடும் என்பதால் அதை ஒலிபெருக்கியில் போட்டு வெளியறை மேசைமேல் வைத்தேன். குளிரறைக் கதவைத் திறந்து வைப்பது பெருங்குற்றம், ஆனாலும் ஒரு கட்டையை இடுக்கித் திறந்தபடி விட்டேன். அடுத்த துண்டைத் தராசில் வைத்து, மூச்சை அங்கால விட்டு, வாசல் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

"ஐஞ்சு, எட்டு, ஒண்டு."

"ஐஞ்சு, எட்டு, ஒண்டு," என்று மேசையிலிருந்து கேட்டது.