புறா இல்லை என்றேன்

என் மனைவியின் நுரையீரலைக் கெடுத்தவன் நான். ஒரே ஒரு பொய்யால்!

அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை, அண்ணனூரில் வீடு. மொட்டை மாடி நிறையப் பந்தயப் புறாக்கள் வளர்த்தேன். நான் ஷிப்டுக்குப் போன பிறகு கூண்டைச் சுரண்டிப் பெருக்கியவள் செல்வி. காய்ந்த எச்சம் தூளாய்ப் பறக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு வறட்டு இருமல் பிடித்தது. கூண்டைப் பெருக்கிய அன்று மாலை குளிரும் காய்ச்சலும் வரும். நசரத்பேட்டையில் உள்ள தாய்வீட்டுக்குப் போனால் தேறிவிடுவாள்; திரும்பி வந்தால் மறுபடி மூச்சு முட்டும்.

"உங்கம்மா ஊட்ல நல்லாத்தானே கீறே? இங்க வந்தா மட்டும் இன்னா நடிப்பு?"

ஆம்... அப்படித்தான் கேட்டேன்!

மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வீட்ல கோழி, புறா ஏதாவது வளர்க்கிறீங்களா? அந்தத் தூசி சில பேருக்கு ஒத்துக்காம நுரையீரலைப் புண்ணாக்கிடும்."

கோடைப் பந்தயம் நெருங்கியிருந்தது. என் கறுப்புப் பெட்டைமேல் அவ்வளவு நம்பிக்கை...

"இல்ல சார்" என்றேன்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள்.

டாக்டர் வேறு ஏதோ நோய்க்கு மாத்திரை எழுதினார். பந்தயம் முடிந்ததும் விற்றுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோற்றேன். அடுத்த பந்தயம் வந்தது... அப்போதும் கூண்டை அவளே பெருக்கினாள்! நீங்களே சொல்லுங்கள், நான் மனிதனா?

ஒரு நாள் காலை கூண்டருகே உதடு நீலம் பாரித்துச் சுருண்டு கிடந்தாள். இம்முறை மருத்துவமனைக்குக் கூட வந்த அவள் தம்பி டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். டாக்டர் என்னைத் திட்டவில்லை. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா சரி பண்ணியிருக்கலாம். இப்போ தழும்பு விழுந்துடுச்சு" என்றார்.

அன்றே புறாக்களைக் கொடுத்துவிட்டேன். என்ன பயன்?

சில ஆண்டுகள் கழித்துத் துணிந்து கேட்டேன்: "அன்னிக்கு நீயாச்சும் சொல்லிருக்கலாம்ல?"

"நீ இல்லன்ட்டியே... டாக்டர் எதிர்ல உன்னைப் பொய்க்காரனாக்கச் சொல்றியா?"

வெட்கம்! அந்தக் கேள்வியிலும் பாதிப் பழியை அவள்மேல் தள்ளத்தானே பார்த்தேன்!

இப்போது ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். "இன்னாமா ஆச்சு?" என்று யாராவது நின்று கேட்கிறார்கள்.

"எங்க வம்சத்துக்கே இளைப்பு கீது" என்கிறாள்.

பையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறேன். அது உண்மையல்ல என்று... ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.