வராமல் நின்ற கடைசித் துண்டு

மழையில் பை மட்டும்தான் நனைந்தது என்று நினைத்தேன். செரண்டா ரயில் நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கோலசிலாங்கூர்ப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். திரை கறுப்பாகவே கிடந்தது. டிஸ்க் போய்விட்டது என்று கணினிக் கடைக்காரர் சொன்ன பிறகும், "படங்களாவது இருக்குமா?" என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன்.

இறுதியாண்டுத் திட்டத்தை ஒப்படைக்க மூன்று வாரம்தான் இருந்தது. செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையின் குலை பழுத்துவிட்டதா என்று படத்தைப் பார்த்தே சொல்லும் நிரல். அதற்காக ஆறு மாதம் படம் எடுத்தேன். ஒவ்வொரு குலையும் காயா, அரைப்பழமா, பழமா என்று சொன்னவர், குலை வெட்டும் என் அப்பா. அவர் சொல்லச் சொல்ல ஒரு பட்டியலில் தட்டி வைத்தேன். ஆலைக்குப் போய் எண்ணெயான குலைகளை இனி எங்கே படம் எடுப்பது? எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்பு முடியாமல் நிற்கப் போகிறேன் என்று தோன்றியது.

மிச்சமிருந்தது டோரன்ட் மட்டுமே. திட்டக் குழுத் தோழிகள் இருவருக்கு அதன் வழியாகப் படங்களையும் பட்டியலையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அது மொத்தக் கோப்பையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எண்ணைக் கணக்கிட்டு ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். துண்டு யாரிடமிருந்து வந்தாலும் சரி, கைரேகை பொருந்தினால் ஏற்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எறிந்துவிட்டு மறுபடி கேட்கும். எங்கள் தோட்ட லயத்து வீட்டில் இணையம் மெதுவாகத்தான் வரும். அதனால் எல்லாத் துண்டும் ஒருமுறை வெளியே போகும்வரை எதையும் இரண்டாவது தடவை அனுப்பாதபடி வைத்திருந்தேன். செரண்டா தோழி தொழிற்சாலை வேலை முடிந்து மாலையில் திறப்பாள். சுங்கை ஆயர் தாவார் தோழி காலையில். இருவரிடமும் ஆளுக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் சேர்ந்திருந்தது. அவசரமில்லை, முழுசும் என்னிடம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லிவிட்டு, அவர்களிடமிருந்த அந்தச் சிறு கோப்பை வாங்கி இரவல் கணினியில் நானும் திறந்தேன். இருவரிடமிருந்தும் மாறி மாறித் துண்டுகள் வந்தன. மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. அந்த ஒன்றை என் டோரன்ட் நிரல் வாங்குவதும் எறிவதுமாக இருந்தது. அதில்தான் பட்டியல் இருந்தது. அந்தத் துண்டு சுங்கை ஆயர் தாவார் தோழியிடம் மட்டுமே போயிருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"நீ அதத் தொட்டியா?"

"கடைசி நாள் குலைல கொஞ்சம் திருத்தினேன்லா. கீழ உதிர்ந்து விழுந்த உதிரிப்பழம் ஒன்னுகூட இல்ல, ஒங்கப்பா பழம்னு சொல்லிருக்காரு. உதிரி விழுந்தாத்தான் பழம்னு புக்ல இருக்கே."

எதை எதைத் திருத்தினாள் என்பது அவளுக்கே நினைவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அப்பா சொன்னதைத் தட்டும்போதே எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்தக் கடைசி நாள் படங்கள் இருபத்துநான்கு. அப்பாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். முன்பு என்ன சொன்னார் என்று நான் வாயே திறக்கவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். ஒன்பதாவது குலைக்குப் பழம் என்றார். உதிரியே இல்லையே என்று கேட்டேன்.

"நீ போட்டோ எடுக்க வர்றதுக்குள்ள ஒங்கம்மா எல்லாத்தையும் பொறுக்கி சாக்குல போட்டுட்டா. நெறத்தப் பாரு பாப்பா."

ஆறு மாதம் அம்மா சாக்கோடு எனக்கு முன்னால் நடந்ததைப் பார்த்துக்கொண்டேதான் படம் எடுத்திருக்கிறேன்.

இருபத்துநான்கு பதில்களையும் தோழிக்கு அனுப்பினேன். அவள் தன் பட்டியலில் அவற்றைப் போட்டுவிட்டு, டோரன்ட் நிரலை மறுபடி சரிபார்க்கச் சொன்னாள். ஒரு பதில் மாறினாலும் கைரேகை பொருந்தாது. மாறாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை. நானே ஒருமுறை பார்த்துச் சொன்னதை மறுநாள் மாற்றியிருக்கிறேன்.

என் திரையில் நூறு விழுக்காடு என்று வந்தது. துண்டு நுழைந்துவிட்டது. எண் சரிதானா என்று மூன்று தடவை பார்த்தேன்.

"எல்லாம் அன்னைக்குச் சொன்ன மாதிரியே இருக்குப்பா."

"கொல மாறலியே," என்றார் அப்பா.

தோழி தொலைபேசியிலேயே இருந்தாள். படங்களுக்குக் கீழே குலை வெட்டியவர் பெயரையும் அறிக்கையில் போடலாமா என்று கேட்டாள். உதிரி பொறுக்கியவர் பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னேன்.