கொடுவாவுக்குத் தைத்த பொய்மீன்

தாராவியில் தோல் பட்டறை வேலையில் நான் ஊறிப்போயிருந்த அறுபதுகளில், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என்னை வீட்டில் பார்க்க முடியாது. சயான் ஸ்டேஷனில் லோக்கல் ஏறிக் கல்யாணுக்குப் போய்விடுவேன். அங்கே உல்லாஸ் நதி அகன்று உப்பங்கழியாகிற இடம் வரைக்கும் கடல் தண்ணீர் ஏறி வரும். ஏறுகிற தண்ணீரோடு கொடுவா மீனும் வரும். அந்தப் பக்கத்து மீனவர்களான கோலிகள் அதை ஜிதாடா என்பார்கள். கீழ்த்தாடை நீண்டு, எப்போதும் யார்மேலோ கோபமாக இருப்பது போன்ற முகம். ஐந்து கிலோ மீன் ஒன்று தூண்டிலில் மாட்டினால் ஆளையே தண்ணீருக்குள் இழுத்துவிடும் என்று சொல்லிக்கொள்வோம். சொல்லிக்கொள்வோமே தவிர, எனக்கு ஒன்றும் மாட்டியதில்லை.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். செம்பூரில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரன், கல்யாணம் ஆகாதவன். மீனைவிடத் தூண்டில் கம்பின்மேல்தான் அவனுக்கு உயிர். சோர் பஜாரில் பழைய சாமான் குவியலுக்குள், எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன மூன்று துண்டுக் கம்பு ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி வந்தான். பிரம்பை நீளவாக்கில் பிளந்து ஒட்டிச் செய்தது. பித்தளை ரீலில் இரண்டு பல் தேய்ந்திருந்தது. லேத்தில் புதிதாகக் கடைந்து போட்டுவிட்டான். அதை ரயிலில் எடுத்துப்போகும்போது மடியில் குழந்தையை வைத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருப்பான். என்னுடையது வெறும் மூங்கில். குர்லாவில் ஒரு மூங்கில் கடையில் கட்டுக் கட்டாகப் புரட்டி, கணு நெருக்கமாக இருக்கிறதா, நுனியை அழுத்தினால் வளைந்து தானாக நிமிர்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். கடைக்காரன் பாடை கட்டவா என்று கேட்டான். தூண்டிலுக்கு என்றதும் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் பத்து மூங்கிலைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

இறால் கோத்துப் போட்டால் கெளுத்திதான் முதலில் வந்து தின்னும். கொடுவாவுக்கு ஓடுகிற இரை வேண்டும். அதனால் பொய்மீன் போட ஆரம்பித்தோம். கூட்டாளி பித்தளைத் தகட்டைக் கரண்டி போலக் குழித்து முள் கோத்துக் கொள்வான். அது தண்ணீருக்குள் மின்னிக்கொண்டே வரும். அவனுக்கு அதில் இரண்டு கொடுவா விழுந்திருந்தது. எனக்கு அவன் செய்ததை வாங்கிப் போட மனசில்லை. நான் தோல்காரன், தோலிலேயே செய்வேன் என்று நின்றேன். வீம்புதான், வேறென்ன.

பொய்மீனில் இறங்கிய அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் தாமிரபரணி கடலில் விழுகிற பக்கத்தில் ஒரு ஊர். நான் உள்நாட்டுக்காரன். அவர்கள் ஊரில் கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டை விட்டுப் போகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் கொழும்பிலோ கல்கத்தாவிலோ வியாபாரத்தைப் பார்த்துவிட்டு, வருடத்துக்கு ஒரு மாதம் வந்து தங்கிப் போவார். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. என்னோடு பம்பாயில்தான் இருக்கவேண்டும் என்று கேட்டேன். பெரியவர்கள் கூடிப் பேசி, ஆறு மாதம் பார்ப்போம், பெண்ணுக்கு ஒத்துவராவிட்டால் திருப்பிக் கூட்டிக்கொள்வோம் என்று முடித்தார்கள். ஐந்தாவது மாதம் அவளுடைய அண்ணன் கடிதம் போட்டார். வருகிற மாதம் பம்பாய் வருகிறேன், தங்கச்சியை அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். போகப்போகிறாயா என்று அவளிடம் கேட்டேன். காக்கா வரட்டும் என்றாள். அண்ணனை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவுதான் பதில். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு மாதப் புருஷனாக ஆகிவிடுவேனோ என்ற பயத்தில் அந்த வாரம் பட்டறையில் இரண்டு பர்ஸுகளைத் தப்பாக வெட்டினேன்.

அவளுக்கு என்ன குறை என்று யோசித்தேன். அடித்ததில்லை, ஏசியதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் என்றாலும் சொந்தமாக ஒரு கதவு இருந்தது. இடப்பக்கம் குஜராத்திக் குயவர்கள், வலப்பக்கம் ஒரு மராட்டிக் குடும்பம், யாரும் வம்புக்கு வருகிறவர்கள் இல்லை. யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்தது மீனைத்தான். வந்த நாள் முதல் அவள் மீன் சாப்பிடவில்லை. மார்க்கெட்டிலிருந்து வாவல் மீன் வாங்கிப்போனால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது செத்து எத்தனை நாளாச்சோ" என்று எனக்கு மட்டும் ஆக்கிவைத்துவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொள்வாள். ஆற்று வாயில் பிறந்தவளுக்கு ஐஸ் மீனை எப்படிப் பிடிக்கும்? துள்ளுகிற கொடுவா ஒன்றைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டால் நின்றுவிடுவாள் என்று முடிவுகட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அதைவிடப் பெரிய யோசனை உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை.

பொய்மீன் செய்ய உட்கார்ந்தேன். பட்டறையில் இருந்ததிலேயே உயர்ந்த ஆட்டுத் தோலில், முதுகுப் பக்கம் ஒரு சாண் எடுத்தேன். தோல் வேலைக்காரனுக்கு முதுகுதான் தங்கம். அழுத்தமாக, ஒரே கனமாக, இழுத்தால் நீளாமல் இருக்கும். இரண்டு துண்டை மீன் வடிவில் வெட்டி, ஓரம் சீவி, மெழுகு நூலால் நெருக்கமாகத் தைத்து, நடுவில் ஈயம் வைத்து, வெள்ளித்தாள் ஒட்டி, மேலே மூன்று கை வார்னிஷ் அடித்தேன். கண்ணுக்குக் கறுப்பு மணி. முதலாளி பார்த்துவிட்டு, சாவிக்கொத்தில் தொங்கவிட இதைப்போல நூறு செய்து தருகிறாயா என்று கேட்டார்.

முதல் ஞாயிறு அதை நூறு தடவையாவது வீசியிருப்பேன். கொடுவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது ஞாயிறு சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று கொண்டுபோனேன். கூட்டாளி அன்றைக்கு மூன்றரைக் கிலோவில் ஒன்று பிடித்தான். அதை எனக்கே கொடுத்துவிடுகிறேன் என்றான். அவனுக்கு விஷயம் தெரியும். அந்த மீனை வாங்கிப் போயிருக்கலாம். ஆனால் நான் பிடிக்காத மீனைக் கொண்டுபோய் அவளை நிறுத்திவைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

"வீம்பு புடிச்சா பொண்டாட்டி நிப்பாளாவே?" என்று மட்டும் கேட்டான்.

அன்று வெறுங்கையோடு வந்து பையை மூலையில் போட்டேன். அவள் எடுத்து வைக்கப்போனபோது பொய்மீன்கள் தரையில் விழுந்தன. ஒன்றை எடுத்து விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாலைப் பிடித்து ஆட்டினாள். அது ஆணி போல நின்றது.

"இது மீனுக்குச் செஞ்சதா, சேட்டுக்குச் செஞ்சதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொடுவா எத்தனை நறுக்கியிருக்கிறேன், அதன் வயிற்றுக்குள் என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றாள். மடவைக் குஞ்சும் இறாலும் முழுசு முழுசாகக் கிடக்குமாம். எல்லாமே நெளிகிற சாதி, உங்கள் மீன் முறைத்துக்கொண்டு நிற்கிறதே என்றாள். பிறகு என் பட்டறைப் பையில் கை விட்டு, வயிற்றுத் தோல் கழிவு ஒன்றை இழுத்தாள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுபடும், தொளதொளவென்று இருக்கும், எதற்கும் ஆகாது. விளக்குத் துடைக்க நான் கொண்டுவந்து போட்டிருந்தது. அதை வாலளவுக்கு வெட்டித் தண்ணீர்ச் சட்டியில் நனைத்து ஆட்டிக் காட்டினாள். உயிருள்ளது போல நெளிந்தது. ஒரு தோல் தொழிலாளி கொடுவாவுக்கும் முதுகுத் தோலைக் கொடுத்து மரியாதை செய்த கதை இப்படித்தான் எங்கள் வீட்டில் தெரியவந்தது. நான் தையலைப் பிரித்தேன்.

அந்த வாரம் இருவரும் உட்கார்ந்து நான்கு செய்தோம். வார்னிஷ் இல்லை, மணி இல்லை. வயிற்றுத் தோல் உடம்பு, வால் இரண்டாகப் பிளந்து விட்டது. சனிக்கிழமை மாலை அவள், இது ஓடுகிறதா என்று நான் பார்க்கவேண்டும் என்றாள். எங்கே பார்ப்பாய் என்றேன். நீங்கள் போகிற இடத்தில்தான் என்றாள்.

ஞாயிறு காலை, ஊர் வழக்கப்படி தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துப்பட்டி போர்த்து, லேடிஸ் பெட்டியில் ஏறினாள். நான் அடுத்த பெட்டி. குர்லா, காட்கோபர் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி ஓடிப்போய் அவள் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்து ஏறினேன். தாணாவில் அவள், இன்னொரு தடவை இறங்கினால் நான் இறங்கித் திரும்பிப் போய்விடுவேன் என்றாள். கூட்டாளி தன் கம்பைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கழிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகு ஒன்றின்மேல் அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. துப்பட்டி தலையிலிருந்து நழுவியதை அவள் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. நான் வீசினேன். பொய்மீன் நெளிந்து நெளிந்து வந்தது. பத்துத் தடவை வீசியிருப்பேன், நான் இழுக்கிறேன் என்று கையை நீட்டினாள். கம்பைக் கொடுத்தேன். என் மூங்கிலில் ரீல் கிடையாது. மிச்ச நைலான் நரம்பை அடியில் ஒரு கட்டையில் சுற்றி வைத்திருப்பேன். மூன்றாவது இழுப்பில் மூங்கில் அப்படியே வளைந்தது. கட்டை உருள, நரம்பு ஓட, அவள் கம்பை விட்டுவிட்டு நரம்பையே கையில் பிடித்துக்கொண்டாள். விடு, விடு என்று நான் கத்தினேன். விடவில்லை. நட்டாற்றில் மீன் ஒரு முழ உயரம் எழும்பித் தலையை உதறியது. என் கைநீளம் இருக்கும். மூவருமே பார்த்தோம். அடுத்த உதறலில் நரம்பு அறுந்தது.

அவள் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கையில் நரம்பு அறுத்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. போய்விட்டதே என்று எனக்கு அழுகை வராத குறை. மறுநாள் அவள் அண்ணன் வருகிறார். கடைசி மீனும் கைக்கு வந்து போய்விட்டது. அவளோ சிரித்தாள். வாயைப் பொத்தாமல், எதிர்க்கரையில் வலை காயப்போட்ட கோலி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். திரும்பிப்போக இரண்டு டிக்கெட் சட்டைப்பையில் இருந்தது. தங்கையின் கையில் துணிக்கட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஆற்றங்கரையில் மீன் பிடித்ததில் அறுத்தது என்றாள். அவர் முகம் மாறிவிட்டது. நம் வீட்டுப் பெண்பிள்ளை கடற்கரைக்கே போனதில்லை, இங்கே ஆற்றங்கரைக்கா என்று என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் தெரியும். கடலோரத்தில் பிறந்தவள் கடலையே கிட்டத்தில் பார்த்ததில்லை.

"ஊருல வீட்டுக்கு வீடு கதவு தொறந்து கெடக்கும் காக்கா. பொம்பளையளுக்குன்னு தெரு இருக்கு, நாள் முழுக்கப் போவோம் வருவோம்," என்றாள். "இங்க வந்து அஞ்சு மாசமா குழாயடியும் இந்தச் செவருந்தான். நேத்துத்தான் வெளியே போனேன்."

அப்படியா மாப்ளே என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்லவும் வழியில்லை. இருபது ஞாயிறு அந்த மூங்கிலைத் தோளில் வைத்துக் கல்யாண் வரைக்கும் கூட்டிப்போயிருக்கிறேன். நடக்கிற தூரத்தில் மாஹிம் கடற்கரை இருக்கிறது, ஒருநாள் மாலை அவளை அங்கே அழைத்துப்போக எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மீன்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன முடிவு என்று அவளிடம் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வார ஞாயித்துக்கெழமையும் என்னயக் கூட்டிட்டுப் போவீயளா?"

போவோம் என்றேன். ஐந்து மாதத்தில் அவள் தனக்கென்று என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது.